சட்டப்படி சரியான எண்ணெய்

சங்கர்,

ஏலே என்று ஆரம்பித்தால் கூட இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று உனக்குக் கூச்சம். அன்புள்ள மகனே என்று ஆரம்பித்தால் எனக்குக் கூச்சம். அதனால் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதல் வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவாய். போனில் சொல்லலாம் என்றால், நான் தொண்டையைச் செருமுவதற்குள் உனக்கு வேறொரு அழைப்பு வந்துவிடுகிறது. பத்து வரி ரிப்போர்ட் எழுதச் சொன்னால் மூன்று பக்கம் எழுதுகிறவன் என்று ஸ்டேஷனில் எனக்குப் பெயர் உண்டு. இதுவும் நீளும். பொறுத்துக்கொள். உறையை ஒட்டாமல்தான் அனுப்பப் போகிறேன். உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளும் வேண்டுமானால் படிக்கட்டும்.

நீ கேட்டது இதுதான். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் நம் கடை காலியாகக் கிடக்கிறது. நேந்திரம் சிப்ஸ் போட்டவர் போன சீசனோடு காலி செய்துவிட்டார். அந்தக் கடையை உனக்கு விட்டால், நீ பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்து, அங்கே சி.பி.டி. எண்ணெய் விற்பாய். தென்காசி வீட்டில் என்னோடு இருப்பாய். "சட்டப்படி எல்லாம் சரிதான்ப்பா. நீங்க சரின்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க" என்றாய். சீசனுக்கு முன்னால் பதில் வேண்டும் என்றும் சொன்னாய். இப்போது வைகாசி முடியப் போகிறது. மேற்கே மலையில் மேகம் உட்கார ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் கடைக்காரர்கள் தகரத்தைத் தட்டிச் சரி செய்கிறார்கள். இனியும் பதில் சொல்லாமல் இருந்தால் அது மரியாதை இல்லை.

உன் தொழில் என்ன என்று தெருவில் கேட்டால், ஆயில் கம்பெனியில் இருக்கிறான் என்பேன். அவர்கள் பெட்ரோல் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை. வேறு எப்படிச் சொல்வது? கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட்டில் வருஷக்கணக்கில் நின்று, லாரி டயருக்குள்ளும் பலாப்பழ மூட்டைக்குள்ளும் கையை விட்டுக் கஞ்சாப் பொட்டலம் எடுத்தவன் நான். எஸ்.எஸ்.ஐ. ஆகி ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு நான் ஏட்டையாதான். அந்த ஏட்டையா பெற்ற பிள்ளை அதே செடியிலிருந்து எண்ணெய் எடுத்து விற்கிறான், அதற்கு ரசீதும் கொடுக்கிறான் என்றால், கேட்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்? நீ முதலில் சொன்னபோது நானே கொஞ்சம் சிரித்தேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. போதை தருகிற சத்து வேறு, இது வேறு, இது வலிக்கும் தூக்கத்துக்கும் உள்ளது என்று நீ பொறுமையாக விளக்கினாய். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. நீ இவ்வளவு நேரம் என்னோடு பேசுகிறாயே என்பதுதான் நன்றாகப் புரிந்தது.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ சின்னவனாக இருந்தபோது அம்மா ஒருநாள் உன்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் புளியறைக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். அன்றைக்கு ஒரு பயணியின் பெட்டியைத் திறந்து ரோட்டோரம் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை, மூடிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டுக் கை கழுவ வந்தேன். உன் அம்மா தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. "அவன் பெண்டாட்டி மடிச்சு மடிச்சு வச்ச துணிய இப்படியாங்க கொட்டுதது? போயி அடுக்கிக் குடுத்துட்டு வாங்க, அப்பத்தான் சோறு" என்றாள். உடுப்பில் இருந்த நான் போய் அந்த ஆளுக்குச் சட்டை மடித்துக் கொடுத்தேன். கூட நின்ற கான்ஸ்டபிள்கள் அதைச் சொல்லிச் சொல்லியே அந்த மாசத்தை ஓட்டினார்கள். அவள் போன பிறகு எனக்கு இப்படி உத்தரவு போட ஆள் இல்லை. இதுதான் இந்த வீட்டில் பெரிய குறை.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். என் வலது தோள் தூக்க முடியாமல் போனபோது நீதான் வீடியோவில் அந்த ஆயுர்வேத டாக்டரம்மாவைப் பேச வைத்தாய். அவர் என் பெயரில் சீட்டு எழுதினார். கூரியரில் பாட்டில் வந்தது. விஜயா என்று லேபிளில் அந்தச் செடிக்கு ஆயுர்வேதப் பெயர், தயாரித்த கம்பெனியின் லைசென்ஸ் நம்பர், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று எச்சரிக்கை, எல்லாம் முறைப்படி இருந்தன. நாக்குக்கு அடியில் சொட்டு விடச் சொன்னார்கள். பொய் சொல்ல மாட்டேன், வலி குறைந்தது. கொடியில் துணி போட முடிந்தது. அது எண்ணெயின் வேலையா, அல்லது எத்தனை சொட்டு விட்டீங்க, தூக்கம் வந்துச்சா என்று நீ தினமும் சாயங்காலம் போன் செய்து கேட்டதன் வேலையா, எனக்குத் தெரியாது. அம்மா போன பிறகு நீ தினமும் பேசியது அந்தப் பாட்டில் வந்த பிறகுதான். பாட்டில் தீர்ந்துவிடக் கூடாதே என்று சில நாள் ஒரு சொட்டைக் குறைத்துக்கூட விட்டிருக்கிறேன். சிரிக்காதே.

நீ கடையைக் கேட்டதும் உடனே சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் போலீஸ் புத்தி விடுமா? தென்காசி கோர்ட்டுக்குப் போய் நம் வக்கீல் அண்ணாச்சியைப் பிடித்தேன். சாட்சிக் கூண்டில் என்னைக் குறுக்கு விசாரணை செய்து வேர்க்க வைத்தவர், இப்போது கண்டால் டீ வாங்கித் தருவார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே குஷி.

"ஏட்டையா, சட்டம் கஞ்சான்னு சொல்லுதது பூவும் காயும் உள்ள நுனியத்தான். பிசினும் குத்தம். தனி இலையும் விதையும் அந்தக் கணக்குல வராது."

"அப்ப இந்த எண்ணெய்?"

"எதுல இருந்து எடுத்தான்ங்கிறதுதான் கேள்வி. லைசென்ஸ் உள்ள கம்பெனி இலையில இருந்து எடுத்து, டாக்டர் சீட்டோட வித்தா அது ஆயுர்வேத மருந்து. விதையில ஆட்டுனா அது சாப்பாட்டுச் சாமான், அது வேற. பூவுல இருந்து எடுத்துட்டான்னு வையுங்க, நீங்க புளியறையில பிடிச்ச அதே சரக்குதான். பாட்டில்தான் புதுசு."

"பாட்டிலப் பாத்தா எப்படித் தெரியும்?"

"தெரியாது. லேப்ல இருந்து ரிப்போர்ட் வரணும். அது வருத வரைக்கும் பிடிச்ச எஸ்.ஐ. சொல்லுததுதான் வேதம். இது உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்?"

"சி.பி.டி.ன்னு சட்டத்துல என்னதான் போட்டிருக்கு?"

"அந்த வார்த்தையே அதுல கிடையாது. அதனாலதான் எங்க பொழப்பு ஓடுது" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இலைக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். புளியறையத் தாண்டிட்டா நீங்க வேற வக்கீலத்தான் பாக்கணும். ஆனா பையன் சீட்டு, லைசென்ஸ், பில்லு எல்லாம் ஒழுங்கா வச்சிருந்தான்னா, கடை போடலாம். தாராளமா போடலாம்."

தாராளமா என்று அவர் சொன்ன சொல்லை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். அன்றே குற்றாலத்துக்குப் போய்க் கடையைத் திறந்து ஒட்டடை அடித்தேன். சுவரில் சிப்ஸ் எண்ணெய் பிசுக்கு ஏறிக் கிடந்தது, சோடா உப்பு போட்டுத் தேய்த்தேன். தோள் வலித்தது, ஆனால் பரவாயில்லை என்றிருந்தது. காலையில் இரண்டு பேராகப் பைக்கில் ஏறிக் குற்றாலம் போவோம், மத்தியானம் நான் சோறு கொண்டு வருவேன், ஆள் இல்லாத நேரத்தில் பழைய குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம் என்றெல்லாம் தனியாக நின்று திட்டம் போட்டேன். இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். காலையில் பேப்பர், அப்புறம் கடைத்தெரு, அப்புறம் டி.வி. ஒரு ஆளுக்குச் சமைப்பது ஒரு பெரிய சிரமம், எந்தப் பாத்திரமும் அளவுக்கு அமையாது. சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்து பேசினால் குரல் கரகரவென்று வரும். அப்போதுதான் காலையிலிருந்து ஒருவரோடும் பேசவில்லை என்பது தெரியும். எதிர்வீட்டு ரஹ்மத் அக்கா மட்டும் நடுவில் மீன்குழம்போ நெய்ச்சோறோ கிண்ணத்தில் கொடுத்து, "ஏட்டையா, உயிரோட இருக்கீகளா?" என்று வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். அவர்கள் மகன் காதரும் துபாயில், என் மகன் நீயும் பெங்களூரில். எங்கள் இருவருக்கும் பேச ஒரே விஷயம்தான்.

இனி சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரியும். நீ போனில் கத்தியதால் மீதியைச் சொல்லாமல் விட்டேன்.

காதர் லீவு முடிந்து துபாய்க்குக் கிளம்பினான். நம் ஊரில் ஒருவன் சபருக்குக் கிளம்பினால் அது அவனுடைய பயணம் மட்டுமா? அவன் பெட்டி தெருவுக்கே பொது. ஒருத்தி மகனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டு வருவாள், ஒருத்தி மருமகனுக்குக் கருப்பட்டி கொண்டு வருவாள், யாராவது ஒருவர் குற்றாலத்து மூலிகை எண்ணெய் கொண்டு வராமல் இருக்கவே மாட்டார். அங்கே நாள் முழுக்க வண்டி ஓட்டியும் சுமை தூக்கியும் இடுப்பு போன பிள்ளைகளுக்கு ஊர் எண்ணெய் இல்லாமல் முடியாது. அந்த அட்டைப்பெட்டிக்குக் கயிறு போடுவது என் பொறுப்பு. எந்த முடிச்சுப் போட்டால் சோதனை போடுகிறவனுக்குச் சோம்பல் வரும் என்று ஏட்டையாவுக்குத்தான் தெரியும் என்று தெருவே கேலி செய்யும். எனக்கும் அதில் ஒரு பெருமை. அன்றைக்கும் போனேன். காதர் குனிந்து பெட்டியைத் தூக்கப் பார்த்தான், முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லாரி ஓட்டுகிற இடுப்பு. எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். உன் பாட்டிலில் பாதியை, கழுவிக் காயவைத்திருந்த பழைய தேங்காயெண்ணெய்ப் பாட்டிலில் ஊற்றினேன். காதரின் சட்டைகளுக்கு நடுவில் சொருகினேன். "வலிச்சா நாக்குக்கு அடியில விட்டுக்கோ காதரு, சங்கர் அனுப்புனது, நல்ல மருந்து" என்றேன். "சரி மாமா" என்றான். இழுத்துக் கட்டினேன். சங்கர், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கஞ்சா என்ற சொல் என் மனசில் வரவே இல்லை. வக்கீல் சரி என்று சொல்லிவிட்டார், டாக்டர் சீட்டு இருக்கிறது, மகன் அனுப்பியது. அவ்வளவுதான். முன்னே எனக்கு அந்தச் செடியைப் பற்றி ஒரு பயம் இருந்தது. சட்டப்படி சரி என்றதும் பயம் விட்டுப்போயிற்று. பயம் போனதுதான் வினையாகப் போயிற்று.

காதரின் கார் கிளம்பி, திருவனந்தபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். நீ போன் செய்தாய். எத்தனை சொட்டு விட்டீங்கப்பா என்றாய். பாதியை எதிர்வீட்டுக் காதருக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். "எந்தக் காதர்? துபாய்க் காதரா?" என்றாய். அதற்குப் பிறகு நீ போட்ட சத்தத்தை என் ஆயுசில் மறக்க மாட்டேன். "அப்பா, அங்க இலை, பூன்னு எந்தக் கணக்கும் பாக்க மாட்டான். இந்த எண்ணெயே குத்தம்ப்பா. பிடிச்சா ஜெயிலு. மொதல்ல அவனுக்குப் போனப் போடுங்க!"

ரஹ்மத் அக்கா வீட்டுக்கு ஓடினேன். விவரம் சொல்ல நேரமில்லை, காதருக்குப் போன் போடுங்கள் என்றேன். முதல் தடவை எடுக்கவில்லை. அடுத்த தடவையும் எடுக்கவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தபோது, புளியறையில் வண்டியை நிறுத்திப் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னான். வண்டியை எடுக்காதே, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். தோள் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. செங்கோட்டை தாண்டும்போது, பிள்ளை விமானத்தைத் தவறவிட்டாலும் விடட்டும், இதோடு மட்டும் ஏறிவிடக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

கடை பெஞ்சின் மேல் பெட்டியை வைத்தோம். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. புரோட்டாக் கடைக்காரர் கத்தி கொடுத்தார். உள்ளே கையை விட்டால் எண்ணெய் பாட்டில் ஒன்றா இரண்டா, தெருக்காரர்கள் கொடுத்ததெல்லாம் அதே மாதிரி பழைய பாட்டில்களில். என்னுடையதைத் தேடி எடுத்தால் மூடி சரியாக இறுகவில்லை. இரண்டு சட்டையிலும், காதரின் வாப்பா காலத்துத் தொழுகை விரிப்பிலும் கசிந்திருந்தது. இன்னொரு பக்கம், செக்போஸ்ட்டில் இருந்து என்னை அடையாளம் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் சிரித்துக்கொண்டே வருகிறார். "என்ன ஏட்டையா, ரிட்டயர் ஆகியும் சோதனை விடலியா? அது என்ன பாட்டிலு?" என்றார். எண்ணெய் என்றேன். பொய் இல்லை. லேபிள் இல்லாத பாட்டில் என் கையில், மருத்துவர் சீட்டு தென்காசி வீட்டு அலமாரியில். அவர் திறந்து மோந்து பார்த்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இதே இடத்தில் எத்தனை பேர் என்னிடம் "யாரோ குடுத்து விட்டாங்க சார், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அழுதிருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அவர் மோந்து பார்க்கவில்லை. வெயிலில் நிற்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எண்ணெய் பட்ட சட்டைகளையும் விரிப்பையும் காதர் எடுத்து என் கையில் கொடுத்தான். விரிப்பைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினான். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நிதானமாகத்தான் கேட்டான்.

"மாமா, அங்கன பிடிச்சிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? எங்க ஊரு ஏட்டையா குடுத்தாருன்னா? எவன் நம்புவான்?"

"எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைய மாமா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மிச்சத்தைப் பெட்டியில் அடைத்துக் கயிற்றை அவனே கட்டினான். கார் எல்லை தாண்டிப் போகும் வரைக்கும் நின்றேன். விமானம் ஏறிவிட்டான், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தான், இது உனக்குத் தெரியும்.

சட்டைகளையும் விரிப்பையும் சோப்பு போட்டு மறுபடி மறுபடி அலசி, காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அதற்குள் காதர் அவர்களிடம் சொல்லியிருக்கிறான். அக்கா வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, "அங்கனயே வச்சிட்டுப் போங்க" என்றார்கள். அக்கா, தெரியாமச் செஞ்சுட்டேன் என்றேன். "ஒங்களுக்கா தெரியாது? ஊருக்குத் தெரியலன்னா சரி, ஒங்களுக்கா ஏட்டையா தெரியாது?" என்றார்கள். அவர்கள் தெருவில் ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை. நாலு பேரிடம் சொல்லி என்னை ஏசியிருந்தால்கூட நான் போய் நின்று பேச ஒரு வழி கிடைத்திருக்கும். இப்போது வழியே இல்லை. கிண்ணம் வருவது நின்றுவிட்டது. காலையில் கோலம் போடாத நம் வாசலும் அவர்கள் வாசலும் எதிரெதிராகச் சும்மா கிடக்கின்றன. கதவைத் திறக்கும் நேரத்தை இரண்டு பேருமே மாற்றிக்கொண்டுவிட்டோம் என்று நினைக்கிறேன்.

நீ அன்று மறுபடி போன் செய்து சொன்னதும் நியாயம்தான். "தப்பு நீங்க செஞ்சதுப்பா, பொருள் மேல ஒண்ணும் இல்ல. லேபிள்ல போட்டிருக்கு, சீட்டு உங்க பேர்ல இருக்கு, அடுத்தவனுக்குக் குடுக்காதன்னு டாக்டர் சொல்லித்தான் குடுத்தாங்க" என்றாய். ஒவ்வொன்றும் உண்மை. கோர்ட்டில் நீ ஜெயிப்பாய். வலியில் துடிக்கிறவர்களுக்கும் வலிப்பு வருகிற பிள்ளைகளுக்கும் இந்த மருந்து உதவுகிறது என்கிறாயே, டாக்டர் பார்த்துக் கொடுத்து அவர்கள் நன்றாக இருக்கட்டும். நீ பெங்களூரில் இந்தத் தொழிலைச் செய்வதில் எனக்கு இனி வெட்கம் கிடையாது. அடுத்த தடவை தெருவில் யாராவது கேட்டால் என்ன எண்ணெய் என்று விளக்கமாகவே சொல்வேன்.

ஆனால் குற்றாலத்தில் வேண்டாம்.

கோபப்படாமல் இதைக் கேள். அருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வருகிறவன் எண்ணெய்க் கடை வாசலில் நின்று என்ன கேட்பான்? இடுப்பு வலிக்கு எது நல்லது அண்ணாச்சி என்பான். சீட்டு இருக்கா என்று நீ கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். முதல் சீசனில் நீ கேட்பாய். நீ நல்லவன், உன் அம்மா வளர்ப்பு. இரண்டாவது சீசனில் சாரல் சரியாக விழாமல் கூட்டம் குறைந்தால்? ஒருவன் கெஞ்சினால்? சீட்டோடு வாங்குகிறவன்தான் அதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்வானா? நம் ஊரில் மருந்து என்றைக்கு ஒரு ஆளின் பெயரில் இருந்திருக்கிறது? மாமியாருக்கு எழுதியதை மருமகள் தடவுவாள், மிச்சத்தைச் சம்பந்திக்குப் பாட்டில் மாற்றி ஊற்றிக் கொடுப்பாள். லேபிள் வீட்டிலேயே இருக்கும், எண்ணெய் மட்டும் புறப்பட்டுப் போகும். குற்றாலத்து எண்ணெய் புறப்பட்டால் எங்கே போய்ச் சேரும் என்று உனக்கே தெரியும். புளியறை வழியாக, திருவனந்தபுரம் வழியாக, காதர் போகிற இடத்துக்குத்தான் போகும். வாழ்நாள் எல்லாம் பிறத்தியார் பெட்டியைக் கொட்டிப் பார்த்த நானே ஒரு பிள்ளையின் பெட்டியில் வைத்துக் கட்டினேன். குளிக்க வந்த ஆளிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? ஒரு காதரைத் துரத்திப் பிடிக்க எனக்கு அன்றைக்கு ஒரு பைக்கும் ஒரு புரோட்டாக் கடையும் வாய்த்தன. கடை போட்டால் போகிறவர்கள் யார், எவர், எந்தப் பெட்டி என்று நமக்குத் தெரியவே தெரியாது. சட்டம் விற்கிற இடத்தைப் பார்க்கிறது. எண்ணெய் போய்ச் சேருகிற இடத்தை நான் பார்த்துவிட்டேன்.

அந்தக் கடையில் வேறு எதை வேண்டுமானாலும் விற்றுக்கொள். ஆனால் வேறு எதற்காகவும் நீ வேலையை விட்டு வர மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்த தொழில் அது, அதில் உனக்கு ஆசை இருக்கிறது, சிப்ஸ் போட உன்னைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. ஆகவே இதில் என் நிலைமையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையைக் கழுவியபோது நான் உன் வியாபாரத்தை நினைக்கவே இல்லை. நீ வீட்டுக்கு வருவதை மட்டும்தான் நினைத்தேன். நீ கஞ்சாப் பொட்டலத்தையே விற்கப் போகிறேன் என்றிருந்தாலும் கடையை விடலாமா என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. அவ்வளவு தனியாக இருக்கிறேன். இதைப் போனில் சொல்ல என்னால் முடியாது. அப்பா இப்படியெல்லாம் பேசுவார் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய். பக்கத்தில் பேச இருந்த ஒரு மனுஷியையும் நானே இழந்தேன். இப்போது வேண்டாம் என்று எழுதும்போது, நீ வராதே என்று எழுதுவதாகவே என் கைக்குப் படுகிறது. எழுதிவிட்டேன்.

உனக்குக் கோபம் வரும், வரட்டும். எங்கப்பா பழைய போலீஸ், அவருக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்பாய். சட்டம் தெளிவாக இருக்கிறது என்று சொல்ல உன்னிடம் பத்துக் காரணம் இருக்கும், என்னிடம் பதிலும் இருக்காது. ஆனால் அதைப் போனில் சொல்லாதே. மெசேஜில் போடாதே. ரயிலோ பஸ்ஸோ எதுவோ, ஏறி இங்கே வந்து, என் எதிரில் உட்கார்ந்து சொல். நீ கத்து, நானும் கத்துகிறேன். நடுவில் சோறு வடித்துப் போடுகிறேன், சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆரம்பி. ஒரே நாளில் முடித்துவிட்டு ஓடிவிடாதே ஐயா, நான் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

அப்பா